ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒரு '4', ஐரோப்பாவில் ஒரு '4': இரண்டும் ஒன்றா? சர்வே மதிப்பெண்கள் சொல்லாத கதை

இப்படி ஒரு காட்சியைக் கற்பனை பண்ணிக்கோங்க. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. சாப்பாட்டு நேரம் முடியப் போகிறது. தையல் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் டேப்லெட்டை நீட்டுகிறார்கள். திரையில் ஒரு வரி: "என் மேற்பார்வையாளர் என்னை மரியாதையாக நடத்துகிறார்." கீழே 1 முதல் 5 வரை கட்டங்கள். 1 என்றால் 'முற்றிலும் மறுக்கிறேன்', 5 என்றால் 'முற்றிலும் ஏற்கிறேன்'.

அவர் ஒரு நொடி யோசிக்கிறார். பெல் அடிக்கப் போகுது. 4-ஐத் தொட்டுவிட்டு மெஷினுக்குப் போய்விடுகிறார்.

அந்த '4' அதோடு நிற்பதில்லை. நூற்றுக்கணக்கான பதில்களோடு சேர்ந்து சராசரியாகி, ஷூவை வாங்கும் வெளிநாட்டு பிராண்டின் அலுவலகத்துக்குப் போகிறது. அங்கே வேறு நாட்டு ஆலைகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிடப்படுகிறது. எந்த ஆலையில் பிரச்னை, எதில் இல்லை, யாருக்கு அடுத்த ஆர்டர் என்ற பேச்சில் இந்த எண்ணும் ஒரு ஆதாரம் ஆகிறது.

ஆனால் அந்தப் பெண் சொன்ன '4'-க்கு உண்மையான அர்த்தம் என்ன? மரியாதையாகத்தான் நடத்துறாங்க என்பதா? பரவாயில்லை, சமாளிச்சுக்கலாம் என்பதா? குறை சொன்னா வம்பு என்பதா?

முக்கிய விஷயங்கள் சுருக்கமாக:

- ஒரே மாதிரியான அனுபவத்துக்கு, வெவ்வேறு ஊர், மொழி, கலாசாரத்தைச் சேர்ந்தவர்கள் வெவ்வேறு மதிப்பெண் தருவது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.
- அதனால் இரண்டு இடங்களின் சர்வே மதிப்பெண்ணை நேரடியாக ஒப்பிட்டால், நல்ல இடம் மோசமாகவும் மோசமான இடம் நல்லதாகவும் தெரியலாம்.
- எல்லாவற்றுக்கும் 'கலாசாரம்' காரணம் இல்லை. பயமும் ஒரு காரணம்.
- இதைச் சரிசெய்ய வழிகள் இருக்கின்றன. கேள்வியை மாற்றினால் பதிலும் மாறும்.

ஷூ சைஸ் தெரியும், சர்வே சைஸ்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை பகுதியில் தோல், காலணித் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே பாதத்துக்கு நாட்டுக்கு நாடு எண் மாறும். ஆண்கள் ஷூவில் பிரிட்டன் அளவில் 8 என்பது, அமெரிக்க அளவில் ஏறக்குறைய 9, ஐரோப்பிய அளவில் 42. அமெரிக்கர் கால் பெரிசு என்று இதற்கு அர்த்தம் இல்லை. அளவுகோல் வேறு, அவ்வளவுதான்.

ஷூவுக்கு ஒரு வசதி உண்டு. எந்த சைஸ் எதற்குச் சமம் என்று ஒரு அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கும். சர்வே மதிப்பெண்ணுக்கு அந்த அட்டவணை கிடையாது. ஜப்பான்காரரின் 3, அமெரிக்கரின் 4, ஆம்பூர்க்காரரின் 5 எல்லாம் ஒரே 'கால் அளவா' என்று யாரும் பார்ப்பதில்லை. எண் ஒரே மாதிரி இருப்பதால், அர்த்தமும் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இதே பகுதியில் இன்னொரு வகை அளவீடும் நடந்திருக்கிறது. தோல் பதனிடும் ஆலைக் கழிவால் பாலாறும் நிலமும் கெட்டுப்போன வழக்கில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த மனு மீது 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. தண்ணீரில் எவ்வளவு உப்பு கலந்திருக்கிறது என்பதைக் கருவி சொல்லிவிடும். அதைப் பாலாற்றில் வைத்தாலும் ஐரோப்பிய நதியில் வைத்தாலும் ஒரே அளவுகோல்தான். மனசில் இருக்கும் திருப்திக்கு அப்படி ஒரு கருவி இல்லை. மனிதர்தான் கருவி. அந்தக் கருவி ஊருக்கு ஊர் வேறு மாதிரி.

இந்த 1 முதல் 5 எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவைச் சேர்ந்த உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட், 1932-ல் மக்களின் மனப்பான்மையை அளக்க ஒரு முறையை வெளியிட்டார். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் என்று படிப்படியாகக் கேட்பது. இன்றைக்கு பேங்க், ஆஸ்பத்திரி, கால் டாக்ஸி, பிரியாணி டெலிவரி என்று எல்லா இடத்திலும் நாம் பார்க்கும் ரேட்டிங் முறைகளுக்கு இது ஒரு முன்னோடி.

1965-ல் ஹாட்லி கான்ட்ரில் என்ற இன்னொரு அமெரிக்க ஆய்வாளர் ஓர் ஏணியைப் படமாகக் காட்டும் முறையைப் பிரபலமாக்கினார். மேல் படி 10, உங்களுக்குச் சாத்தியமான மிக நல்ல வாழ்க்கை. கீழ்ப் படி 0, மிக மோசமான வாழ்க்கை. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? உலக மகிழ்ச்சி அறிக்கை இன்றும் இந்தக் கேள்வியைத்தான் நம்பியிருக்கிறது.

2003-ல் பிரெட் ரைக்கெல்ட் என்ற நிர்வாக ஆலோசகர், "எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்று 0 முதல் 10 வரை கேட்கும் முறையைக் கொண்டுவந்தார். இதில் 9, 10 கொடுப்பவர்கள் ஆதரவாளர்கள். 7, 8 கணக்கில் வராது. 0 முதல் 6 வரை கொடுப்பவர்கள் எல்லோரும் அதிருப்தியாளர்கள்.

இங்கேதான் நமக்குச் சிக்கல். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் 35 எடுத்தால் பாஸ். 60 எடுத்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ். அந்தக் கணக்கிலேயே வளர்ந்த ஒருவர் 10-க்கு 6 கொடுத்தால், "நல்லாதான் இருக்கு, ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று நினைத்துக்கூடக் கொடுத்திருக்கலாம். தலைமை அலுவலகத்தின் கணக்கில் அவர் அதிருப்தியாளர்.

பதில் சொல்வதில் நான்கு பழக்கங்கள்

சர்வே ஆய்வாளர்கள் நீண்ட காலமாகக் கவனித்துவரும் நான்கு பழக்கங்கள் இவை.

முதலாவது, தலையாட்டும் பழக்கம். எந்த வாக்கியம் வந்தாலும் 'ஆமாம்' பக்கம் சாய்வது. "வேலை நேரம் சரியாக இருக்கிறது" என்றாலும் ஆமாம், "வேலை நேரம் அதிகமாக இருக்கிறது" என்றாலும் ஆமாம். கேட்பவர் படித்தவர், பெரிய இடத்து ஆள், வீடு தேடி வந்தவர் என்றால் இது கூடும்.

இரண்டாவது, ஓரத்துக்குப் போகும் பழக்கம். ஒன்று 5, இல்லைன்னா 1. நடுவில் எதுவும் கிடையாது. "சொன்னா முழுசா சொல்லணும், அரைகுறையா என்ன?" என்ற மனநிலை.

மூன்றாவது, நடுவில் நிற்கும் பழக்கம். எல்லாவற்றுக்கும் 3. யாரையும் பகைத்துக்கொள்ளாமல், எதிலும் மாட்டிக்கொள்ளாமல் நழுவுவது.

நான்காவது, நல்ல பெயர் எடுக்கும் பழக்கம். உண்மையை விட, கேட்பவர் முன் எது நன்றாகத் தெரியுமோ அதைச் சொல்வது. வீட்டுக்கு வந்த விருந்தாளி "சாப்பாடு எப்படி?" என்று கேட்டதும் "ரொம்ப அருமை" என்று சொல்கிறாரே, அதே மரியாதைதான்.

இந்த நான்கும் எல்லா ஊரிலும் எல்லா மனிதரிடமும் இருக்கின்றன. எந்தப் பழக்கம் எங்கே கொஞ்சம் கூடுதல் என்பதில்தான் வித்தியாசம்.

ஆய்வுகள் என்ன காட்டின?

1995-ல் சூவான்ஷெங் சென், ஷின்யிங் லீ, ஹெரால்ட் ஸ்டீவன்சன் ஆகியோர் ஜப்பான், தைவான், கனடா, அமெரிக்கா ஆகிய 4 இடங்களின் பள்ளி மாணவர்கள் பதில் சொன்ன விதத்தை ஒப்பிட்டார்கள். ஜப்பான், தைவான் மாணவர்கள் நடுப்புள்ளியை அதிகம் தொட்டார்கள். அமெரிக்க மாணவர்கள் ஓரங்களை அதிகம் தொட்டார்கள். ஆனால் இந்த வித்தியாசம் பெரிய அளவில் இல்லை என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

1989-ல் ஹாரி ஹூய், ஹாரி டிரியாண்டிஸ் இருவரும் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தவர்களிடம் செய்த ஆய்வு இன்னும் சுவாரசியம். லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்டவர்கள் 5 கட்ட அளவுகோலில் மற்றவர்களை விட ஓரங்களை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். அதையே 10 கட்ட அளவுகோலாக்கியதும் அந்த வித்தியாசம் காணாமல் போனது. அதாவது 'கலாசார வித்தியாசம்' என்று நாம் நினைத்ததில் ஒரு பங்கு, கட்டங்களின் எண்ணிக்கையில் ஒளிந்திருந்தது.

2006-ல் அன்னே-வில் ஹார்சிங் 26 நாடுகளில் மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் மொழியின் பங்கு தெரிந்தது. ஒரே நாட்டு மாணவர்களில் சிலருக்கு ஆங்கிலத்திலும் சிலருக்குத் தாய்மொழியிலும் கேள்வி கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் பதில் சொன்னவர்கள் நடுவில் நின்றார்கள். தாய்மொழியில் சொன்னவர்கள் ஓரத்துக்குப் போனார்கள். தெரிந்த மொழியில் மனசு திறக்கிறது. தெரியாத மொழியில் ஜாக்கிரதையாகிறது.

ஆம்பூரில் இது எப்படிச் செயல்படும்?

ஆம்பூர் 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. சென்னை - பெங்களூரு சாலையில், பாலாற்றங்கரையில், ஏற்றுமதிக் காலணிகளுக்குப் பெயர் பெற்ற ஊர். காலணி ஆலைகளில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் காதில் விழும் ஊர் இது.

இங்கே "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ ஓடுது", "பரவால்ல", "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம்", "அல்ஹம்துலில்லாஹ்" என்றெல்லாம் பதில் வரும். இதில் எதுவும் நிலவரத்தைச் சொல்லும் பதில் இல்லை. பணிவும் நன்றியும் கலந்த ஒரு வழக்கம். வீட்டில் கடன் இருந்தாலும் இதே பதில், இல்லாவிட்டாலும் இதே பதில்.

இப்போது அதே மனிதரிடம் "உங்கள் வேலையில் எந்த அளவுக்குத் திருப்தி?" என்று கேட்டால்? 'திருப்தி' என்ற சொல்லே நம் மொழியில் ஒரு நல்ல குணம். போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்று கேட்டு வளர்ந்தவருக்கு, "திருப்தி இல்லை" என்று சொல்வது வேலையைக் குறை சொல்வதாக இருக்காது; தன் மனசே சரியில்லை என்று ஒப்புக்கொள்வது போல இருக்கும். நன்றிகெட்டவர் என்ற பெயரும் வரலாம். அதனால் விரல் தானாக 4-க்குப் போகும்.

மொழிபெயர்ப்பும் சிக்கல்தான். 'பரவாயில்லை' 5-ல் எத்தனை? சொல்லும் தொனியைப் பொறுத்து 2-ஆகவும் இருக்கலாம், 4-ஆகவும் இருக்கலாம். 'படம் சுமார்' என்றால் அகராதிப்படி நடுத்தரம். பேச்சில் நன்றாக இல்லை என்றுதான் அர்த்தம். இதில் "ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை" என்று நடுக்கட்டத்தில் எழுதியிருந்தால், வாழ்க்கையில் யாரும் பேசாத அந்த வாக்கியத்தை வைத்து என்ன செய்வது? பதில் சொல்பவர் புரிந்த கட்டத்துக்குத் தாவிவிடுவார்.

அடுத்தது, யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது. 2002-ல் ஸ்டீவன் ஹைனே உள்ளிட்ட உளவியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். மனிதர் தன்னை மதிப்பிடும்போது, உலகத்தோடு ஒப்பிடுவதில்லை. தன்னைச் சுற்றி இருப்பவர்களோடுதான் ஒப்பிடுகிறார். கம்பெனி வேலையில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ள ஒரு பெண், அதே தெருவில் வீட்டிலேயே உட்கார்ந்து கையால் ஷூவின் மேல்பாகம் தைக்கும் அக்காவோடு தன்னை ஒப்பிட்டால், அவருக்குத் தன் வேலை 5-க்கு 5 போலத் தெரியலாம்.

அந்த அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆம்பூர் பகுதியில் வீட்டிலிருந்து ஜோடிக் கணக்கில் கூலிக்குத் தைக்கும் பெண்களின் நிலையை, ஹோம்ஒர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட், லேபர் பிஹைண்ட் தி லேபிள், சிவிடெப் ஆகிய அமைப்புகள் 2016-ல் அறிக்கையாக வெளியிட்டன. ஆலைக்குள் நடக்கும் எந்த சர்வேயும் அவர்களைத் தொடாது. டேப்லெட் அவர்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவதில்லை. சராசரி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதில் அவர்கள் இல்லை.

கலாசாரமா, பயமா?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். "நம்ம ஊர்க்காரங்க எப்பவும் 4 தான் போடுவாங்க, அது கலாசாரம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். அது தப்பாகவும் போகலாம்.

ஆடிட் வரும் நாளில் கம்பெனி எப்படி மாறும் என்பது தொழிலாளர்களுக்குத் தெரியும். பதில் யார் கைக்குப் போகும், பெயர் தெரியுமா, பக்கத்தில் சூப்பர்வைசர் நிற்கிறாரா, குறை சொன்னால் லைன் மாற்றுவார்களா, ஆர்டர் போய்விட்டால் எல்லோருக்கும் வேலை போகுமா? இத்தனையும் மனசில் ஓடும்போது தொட்ட 4-ஐ 'கலாசாரம்' என்று எழுதுவது நியாயம் இல்லை. அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு.

பயத்தையும் பழக்கத்தையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி, கேட்கும் சூழலை மட்டும் மாற்றிப் பார்ப்பது. வங்கதேசத்தில் ஒரு பெரிய ஆயத்த ஆடை நிறுவனத்தில் லாரா பூட்ரோ, சில்வான் ஷசாங், அடா கொன்சாலஸ்-டோரஸ், ரேச்சல் ஹீத் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் தொழிலாளர்களிடம் போனில் தொந்தரவுகள் பற்றிக் கேட்டார்கள். ஒரு பிரிவினரிடம் வழக்கமான முறை. இன்னொரு பிரிவினரிடம், "நீங்கள் 'இல்லை' என்று சொன்னாலும், சில பதில்களைக் கம்ப்யூட்டர் தானாகவே 'ஆம்' என்று மாற்றிப் பதிவு செய்யும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதாவது, உங்கள் பெயரில் 'ஆம்' என்று இருந்தாலும், அதை நீங்கள்தான் சொன்னீர்கள் என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

விளைவு? உடல்ரீதியான, பாலியல்ரீதியான தொந்தரவுகள் பற்றிய புகார் பல மடங்கு கூடியது. நாடு அதுவே, கம்பெனி அதுவே. பாதுகாப்பு கிடைத்ததும் பதில் மாறியது.

கேரளாவில்தான் நோயாளிகள் அதிகமா?

மதிப்பெண்ணை நேரடியாக ஒப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. 2002-ல் பொருளாதார நிபுணர் அமர்த்தியா சென், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று மக்களிடமே கேட்டால், 'ஆமாம்' என்று அதிகம் சொன்னது கேரளம். குறைவாகச் சொன்னது பீகார். ஆனால் ஆயுட்காலம் அதிகம் உள்ள மாநிலம் கேரளம். பீகார் அதில் பின்தங்கியிருந்தது. இதில் இன்னொரு வேடிக்கை: கேரளத்தை விடவும் அதிகமாக 'உடம்பு சரியில்லை' என்று சொன்னவர்கள் அமெரிக்கர்கள்.

காரணம் சிக்கலானது இல்லை. படிப்பும் பக்கத்திலேயே ஆஸ்பத்திரியும் இருந்தால், 'இது நோய், இதைச் சரிசெய்யலாம்' என்று தெரியும். அந்த வசதி இல்லாத ஊரில் மூட்டுவலியும் ரத்தசோகையும் 'வயசானா இப்படித்தான்', 'பொம்பளைங்கன்னா இப்படித்தான்' என்று வாழ்க்கையோடு கலந்துவிடும்.

இதைத் தூக்கி ஷூ கம்பெனிக்குள் வைத்துப் பாருங்கள். ஒரு ஆலையில் தொழிலாளர்களுக்குச் சட்டம் தெரியும், சங்கம் இருக்கிறது, தைரியமாகப் பேசுவார்கள். அவர்கள் 3 போடுவார்கள். இன்னொரு ஆலையில் வாயைத் திறக்கவே பயம். அவர்கள் 5 போடுவார்கள். மேஜையில் உட்கார்ந்து சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு எது 'நல்ல' ஆலையாகத் தெரியும்? இரண்டாவதுதான். பேச விட்ட ஆலைக்குத் தண்டனை, வாயை அடைத்த ஆலைக்குப் பரிசு. இந்த விஷயத்தில் பெரிய ஆபத்தே இதுதான்.

வேலூருக்கு 6-வது இடம் எப்படி வந்தது?

அரசுப் பட்டியல்களிலும் இந்த மதிப்பெண்கள் கலந்திருக்கின்றன. மத்திய அரசின் 'எளிதாக வாழத் தகுந்த நகரங்கள் குறியீடு 2020' பட்டியலில் 111 நகரங்கள் இடம்பெற்றன. 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரங்களில் சிம்லா முதலிடம். சேலம் 5-வது, வேலூர் 6-வது, திருச்சி 10-வது.

இந்தக் குறியீட்டில் மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் மக்களின் கருத்துக் கணிப்பில் இருந்து வந்தது. மீதி 70 சதவீதம் சேவைகள், பொருளாதாரம் போன்ற புள்ளிவிவரங்களில் இருந்து வந்தது. கருத்தை மட்டும் நம்பாமல் இரண்டையும் சேர்த்தது நல்ல விஷயம். ஆனாலும் அந்த 30 சதவீதத்துக்குள், வேலூர்க்காரரின் 'திருப்தி'யும் சிம்லாக்காரரின் 'திருப்தி'யும் ஒரே அளவா என்ற கேள்வி இருந்துகொண்டேதான் இருக்கும். ஓரிரு இடம் முன்னே பின்னே போவதை வைத்துக் கொண்டாடவோ வருத்தப்படவோ அவசரப்பட வேண்டாம்.

உலக மகிழ்ச்சி அறிக்கையும் இப்படித்தான். 2025 அறிக்கையில் 147 நாடுகளில் இந்தியா 118-வது இடம். பாகிஸ்தான் 109-வது இடம். பின்லாந்து தொடர்ந்து 8-வது ஆண்டாக முதலிடம். ஒவ்வொரு ஆண்டும் இதைப் பார்த்து "அவங்களைவிட நாம சோகமா இருக்கோமா?" என்று விவாதம் நடக்கும். கோஸ்டாரிகாவும் மெக்சிகோவும் தங்களை விடப் பணக்கார நாடுகள் பலவற்றை முந்தி முதல் 10-க்குள் வந்தன. அங்கே குடும்ப உறவுகள் வலுவாக இருப்பது காரணமாக இருக்கலாம். நல்ல பக்கத்தைப் பெரிதாகச் சொல்லும் பழக்கமும் கலந்திருக்கலாம். ஏணியில் எந்தப் படி என்ற ஒற்றை எண்ணால் இந்த இரண்டையும் பிரித்துக்காட்ட முடியாது.

இதைச் சரிசெய்ய முடியுமா?

முடியும். முழுசாக இல்லாவிட்டாலும் பெருமளவு முடியும். சில வழிகள்:

1. கதை சொல்லி அளவுகோலைச் சரிபார்ப்பது. இதுதான் சர்வேயின் 'சைஸ் அட்டவணை'. முதலில் கற்பனை மனிதர் ஒருவரின் நிலைமையைச் சொல்லி மதிப்பெண் போடச் சொல்வார்கள். "ஒரு பெண்ணை சூப்பர்வைசர் மாதத்தில் ஒருமுறை எல்லோர் முன்னாலும் திட்டுகிறார். அந்தப் பெண் மரியாதையாக நடத்தப்படுகிறாரா?" இதற்கு ஒருவர் 4 போட்டால், அவருடைய 4-க்குள் திட்டும் அடங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு அவர் தன்னைப் பற்றிச் சொல்லும் மதிப்பெண்ணை இதோடு வைத்துப் படிக்கலாம்.

அரசியல் அறிஞர் கேரி கிங்கும் அவரது குழுவினரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த முறையைச் சீனாவிலும் மெக்சிகோவிலும் பயன்படுத்தினார்கள். "அரசிடம் உங்கள் பேச்சு எடுபடுமா?" என்று நேரடியாகக் கேட்டபோது, மெக்சிகோ மக்களை விடச் சீன மக்கள் அதிகம் 'எடுபடும்' என்றார்கள். கற்பனை மனிதர்களின் கதைகளோடு ஒப்பிட்டுச் சரிசெய்ததும் முடிவு தலைகீழானது. 2002-04 காலத்தில் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட சுமார் 70 நாடுகளில் நடத்திய சுகாதாரக் கணக்கெடுப்பிலும் இந்த முறை சேர்க்கப்பட்டது.

2. உணர்வைக் கேட்காமல் நடந்ததைக் கேட்பது. "கழிப்பறை வசதி திருப்தியா?" என்று கேட்டால் 4 வரும். "நேற்று கழிப்பறைக்கு எத்தனை முறை போனீர்கள்? யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டியிருந்ததா? தண்ணீர் வந்ததா?" என்று கேட்டால் உண்மை வரும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு இதைத்தான் செய்கிறது. 'குடும்ப வன்முறை உண்டா?' என்று பொதுவாகக் கேட்பதில்லை. தள்ளினாரா, அறைந்தாரா, உதைத்தாரா என்று ஒவ்வொரு செயலாகக் கேட்கிறது. 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகப் பதிவானது. 'உங்கள் குடும்ப வாழ்க்கைக்கு 5-க்கு எத்தனை?' என்று கேட்டிருந்தால் இந்த எண் வெளியே வந்திருக்குமா?

3. காசு சுண்டும் முறை. 1965-ல் ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியல் அறிஞர் தொடங்கிவைத்த யோசனையின் ஒரு வடிவம் இது. பதில் சொல்பவர் யாருக்கும் காட்டாமல் காசு சுண்டுவார். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும் 'ஆம்' சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். 100 பேரில் சுமார் 50 பேருக்குத் தலை விழும், அவர்கள் 'ஆம்'. மொத்தம் 60 'ஆம்' வந்தால், மீதி 50 பேரில் 10 பேர் உண்மையாகவே 'ஆம்' என்றிருக்கிறார்கள். அதாவது 20 சதவீதம். யார் அந்த 10 பேர் என்று யாருக்கும் தெரியாது. பிரச்னையின் அளவு மட்டும் தெரியும்.

4. கேள்வியைத் திருப்பிப் போடுவது. "நேரத்துக்குச் சம்பளம் வருகிறது", "சம்பளம் அடிக்கடி தாமதமாகிறது" என்று இரண்டையும் வெவ்வேறு இடத்தில் கேட்டால், எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர் யார் என்று தெரிந்துவிடும்.

5. பேச்சு மொழி, தெரிந்த முகம், பாதுகாப்பான இடம். கேள்வி தமிழிலோ உருதுவிலோ, வீட்டில் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும். கம்பெனிக்கு வெளியே, சம்பந்தமில்லாத ஒருவர் கேட்பது நல்லது.

அப்போ சர்வேயே வேண்டாமா?

அப்படி முடிவு பண்ணிடாதீங்க. ஒரே ஆலையில், ஒரே மக்களிடம், ஒரே கேள்வியை வருடா வருடம் கேட்டால் அளவுகோல் பெரிதாக மாறாது. சென்ற ஆண்டு 4.2, இந்த ஆண்டு 3.6 என்றால் ஏதோ நடந்திருக்கிறது, அல்லது பேசத் தைரியம் வந்திருக்கிறது. எதுவானாலும் போய்ப் பார்க்க வேண்டிய விஷயம். ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போதுதான் பெரிய கவனம் தேவை.

கேட்பதற்கே ஒரு மதிப்பும் உண்டு. கர்நாடகாவின் ஆயத்த ஆடை ஆலைகளில் அச்சுத அதர்யு, தெரெசா மொலினா, ஆனந்த் நைஷதம் ஆகியோர் செய்த ஆய்வில், சம்பள உயர்வு எதிர்பார்த்ததை விடக் குறைவாக வந்த நேரத்தில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த தொழிலாளர்களிடம் பெயர் இல்லாமல் கருத்து கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டுப் போனவர்கள் குறைந்தார்கள். தன் பேச்சைக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதே வித்தியாசத்தை உண்டாக்கியது.

உங்களிடம் கேட்டால் என்ன செய்யலாம்?

அடுத்த முறை ஆஸ்பத்திரியிலோ, கம்பெனியிலோ, நகராட்சி சர்வேயிலோ 1 முதல் 5 கேட்டால் இதை யோசித்துப் பாருங்கள்:

- பதில் யாருக்குப் போகும், என் பெயர் தெரியுமா என்று முதலில் கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.
- 4 போடும்போது, "எதைத் தவிர்த்து 4?" என்று உங்களையே கேளுங்கள். அந்த ஒரு மதிப்பெண் எதனால் குறைந்தது என்பதுதான் உண்மையான பதில்.
- எழுத இடம் இருந்தால், ஒரு வரியாவது எழுதுங்கள். "இரண்டாவது மாடியில் குடிதண்ணீர் இல்லை" என்ற வரிக்கு எந்த நாட்டிலும் ஒரே அர்த்தம்தான்.

சர்வே நடத்துபவர்களுக்கும் ஒன்று. எல்லோரும் 5 கொடுத்த இடத்தைப் பார்த்து நிம்மதியாகத் திரும்பிப் போகாதீர்கள். அந்த ஆலைக்குத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். எண்ணை விட்டுவிட்டு, கேன்டீனில் டீ குடிக்கும் நேரத்தில், "என்னக்கா, தண்ணி ஒழுங்கா வருதா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த '4'-க்கு அர்த்தம் அப்போதுதான் தெரியும்.